ஒன்றரை ஆள் வீடு

"அப்போ இதுல யாரு உக்கார்றாங்க?"

"இதுவரைக்கும் யாரும் உக்காரலம்மா."

"யாருமே உக்காராத நாற்காலிய யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா, ஐயா?"

"வாங்கிட்டேனேம்மா."

கணக்கெடுக்க வந்த பெண் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அந்த அறையில் அவள் எண்ண வேண்டிய பொருள்கள் அதிகம் இல்லை. ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஆணியில் தொங்கும் ஒரு துண்டு, காலில் கம்பி சுற்றிய ஒரு பழைய நாற்காலி. அதற்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் விழும்படி, கை வைத்த ஒரு புது நாற்காலி. அதன் கால்களில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்தைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"நீங்களே ரெண்டுலயும் மாத்தி மாத்தி உக்கார்றீங்கன்னு எழுதிக்கட்டுமா?" என்றாள் குரலைத் தாழ்த்தி. தாழ்த்தியிருக்க வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் யாரும் கிடையாது. வெளியே வாய்க்கால்கூட வறண்டு கிடந்தது.

"அது பொய்யாயிடுமேம்மா. நான் இதுல ஒரு தடவைகூட உக்காந்ததில்ல."

"இப்போ ஒரு நிமிஷம் உக்காருங்க. உண்மையாயிடும்."

வீட்டுக்காரரான மதகுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். "வேண்டாம்மா. அது அவளுக்குன்னு வாங்கினது."

சொல்லியிருக்கக் கூடாது. பேனா திறந்துகொண்டது.

"அவளுக்குன்னா?"

"என் சம்சாரத்துக்கு."

"உங்க வீட்டுல ஒருத்தர்தான்னு பதிவாகியிருக்கு."

"ஒருத்தர்தான். அவ நகரத்துல பொட்டலம் கட்டுற கொட்டகையில வேலை பாக்குறா. ரெண்டு வருஷமாச்சு. ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா குடும்பத்துல சேர்த்தி இல்லன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"சேர்த்தி இல்லதான்."

"அதான் நானும் சேர்க்கல."

"ஆனா நாற்காலி இருக்கே, ஐயா" என்றாள் அந்தப் பெண், அழுதுவிடுவது போல. பிறகு எழுதினாள்.

திட்டத்தின் பெயர் நீளமானது. அலுவலகத்துப் பலகையில் அது மூன்று வரிக்கு ஓடியது. மக்கள் அதை 'அஞ்சாந்தேதி' என்று மட்டும் சொன்னார்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் செல்போன் ஒரு முறை சிணுங்கும்; பணம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மதகுக்காரரின் வேலை தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போகிற வேலை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஐந்து மாதங்கள் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி மதகுப் பலகையை ஏற்றுவார், இறக்குவார். அதற்கு நாள்கூலி. மற்ற ஏழு மாதங்கள் மதகுக்கு வேலை இல்லை, ஆகவே அவருக்கும் இல்லை. அந்த ஏழு மாதங்களில் அவர் எதையும் முழுதாக வாங்கியது கிடையாது. அரைச் சோப்பு. கால் கிலோ அரிசி. மூன்று நாள் காய்ச்சலுக்கு ஒரு நாள் மாத்திரை. அப்படி ஒரு வறண்ட காலத்தில்தான் மனைவி நகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

அஞ்சாந்தேதி வரத் தொடங்கியதும் முழுச் சோப்பு வாங்கினார். கூரை ஒழுகுகிற இடத்துக்கு மழைக்கு முன்பே தகரம் போட்டார். ஆனால் தகரத்தையும் சோப்பையும்விடப் பெரிதாக ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் என்ற ஒன்று. ஒருநாள் கடையில் ஏதோ பேச்சுக்கு "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாதி தூரம் வந்தவர், அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியதால், திரும்பிப் போய் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் அதை ஞாபக மறதி என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி அவ்வளவு லேசில் நம்புகிறவள் இல்லை. கொட்டகையில் மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிட இடைவேளை. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் போன் செய்வாள். பின்னால் யந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்கும்.

"ஒரு மாசம் வந்தா அது அதிர்ஷ்டம்ங்க" என்றாள் முதல் மாதம்.

"ரெண்டு மாசம் வந்தா?"

"யாரோ நிறுத்த மறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"அப்போ எத்தனை மாசம் வந்தாத்தான் நம்புவ?"

அவள் யோசித்தாள். "ஆறு. விடாம ஆறு மாசம் வரட்டும். அந்தக் காசும் உங்க தண்ணிக் காசும் சேர்ந்தா நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம். ஆறாவது செய்தி வந்த அன்னிக்குச் சொல்லுங்க, இங்க வேலை அட்டையை மேசைமேல வச்சுட்டு பஸ் ஏறிடுறேன். ஆனா ஒண்ணு. வந்தா என்னால தரையில உக்கார முடியாது, இப்பவே சொல்லிட்டேன். நின்னு நின்னு முட்டி போச்சு. உக்காந்துட்டா தூக்கி விட ரெண்டு ஆள் வேணும்."

ஐந்தாவது செய்தி வந்த வாரம் அவர் நாற்காலி வாங்கப் போனார். கடையில் இருந்த ஒன்பது நாற்காலிகளிலும் முட்டிவலிக்காரரைப் போல மெல்ல உட்கார்ந்து, மெல்ல எழுந்து பார்த்தார். கையை ஊன்றி எழுந்திருக்க வாகாக இருந்தது ஒன்றுதான். அது மாதிரிக்கு வைத்தது. விற்பதற்கு அதே அச்சில் புதிதாக ஒன்றைக் கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்து வந்தார்.

"முட்டி ரொம்ப மோசமோ?" என்றார்.

"ரொம்ப மோசம்ங்க."

"எந்த முட்டி?"

"நகரத்துல இருக்குங்க."

திட்ட அலுவலகத்துக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றத் திட்டங்களில் ஆளைக் கேட்டு ஆளை எண்ணுவார்கள். இவர்கள் அப்படிச் செய்வதில்லை. 'குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டல் ஆகாது' என்று கைப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. ஆளைத்தான் ஒளித்துவைக்கலாம், அவன் சாப்பிடுகிற தட்டை எங்கே ஒளிப்பது என்பது அவர்கள் கேள்வி. எனவே பொருள்களை எண்ணினார்கள். தட்டுக்குக் கால் ஆள். தலையணைக்குக் கால் ஆள். நாற்காலிக்கு அரை ஆள்.

முதல் கணக்கெடுப்பில் மதகுக்காரரின் அறையில் ஒரு தட்டு, ஒரு தலையணை, ஒரு நாற்காலி. கூட்டினால் சரியாக ஒன்று. அவ்வளவு துல்லியமான ஒன்றை அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. மற்ற வீடுகளெல்லாம் மூன்றே முக்கால், ஐந்தேகால் என்று வந்து, பேசித் தீர்த்து முழுதாக்க வேண்டியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருபது பேரைப் பயிற்சிக்காக அவர் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். இருபது பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஒன்று" என்று எழுதிக்கொண்டு, கை தட்டினார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவர் தனியாக இருப்பதற்காக மற்றவர்கள் கை தட்டி அவர் கண்டதில்லை.

இப்போது நாற்காலியால் அவர் ஒன்றரை ஆகிவிட்டார்.

ஆறாவது மாதம் ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் செல்போன் சிணுங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். 'தங்கள் குடும்பம் ஒன்றரை நபர்களைக் கொண்டது என அறியவருவதால் இம்மாதத் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. தவறாத சேவையே எங்கள் அடையாளம்.'

ஒரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். "வந்துச்சா?"

"செய்தி வந்துச்சு."

"பணம்?"

"பணம் வரலன்னு செய்தி வந்துச்சு."

யந்திர இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள். "எதுக்காம்?"

நாற்காலியை அவள் வந்து பார்க்கும்வரை சொல்வதில்லை என்று வைத்திருந்தார். "ஏதோ சின்னச் சந்தேகம். நான் ஒன்றரை ஆளாம்."

அவள் சிரித்துவிட்டாள். "நான் கூட இருந்தப்போ அரை ஆளாத்தான் இருந்தீங்க. பரவாயில்ல, தேறிட்டீங்க."

அவரும் சிரித்தார். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் சிரிப்பில் போனது. பிறகு அவள் சொன்னாள்: "இங்க மாசக் கடைசிக்குள்ள ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடாதவங்களுக்கு அடுத்த மாசம் வேலை இல்லையாம். நான் அந்த ஆறாவது மாசத்த நம்பித்தான் போடாம இழுத்துட்டிருக்கேன்."

"மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிடுறேன்."

"சரி பண்ணுங்க" என்றாள். மணி அடித்தது.

அலுவலகத்தில் வந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை. முன்பு இருந்தது. ஒரு வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள் அதே முறையில் அலுவலகத்தையும் எண்ணிப் பார்த்ததில் பதினோரு பேர் கூடுதலாக வேலை பார்ப்பதாகத் தெரியவந்தது. ஊழியரைக் குறைக்க மனமில்லாமல் நாற்காலிகளைக் குறைத்தார்கள். மதகுக்காரர் பிரிவு அலுவலரின் மேசை முன் நின்றார்.

"எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்குக் கட்டம் இருக்கு" என்றார் பிரிவு அலுவலர். "ரெண்டுக்கு இருக்கு. பன்னண்டு வரைக்கும் இருக்கு. அரைக்கு இல்ல. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க?"

"ஒண்ணுக்கே அனுப்புங்க சார்."

"அப்போ அந்த அரை ஆளோட உரிமைய நானே மறுத்த மாதிரி ஆகாதா? எனக்கும் மனசாட்சி இருக்கு, பெரியவரே."

"அப்படி ஒரு ஆளே இல்லையே சார்."

"இல்லாதவங்களுக்காகத்தானே திட்டமே நடக்குது."

மதகுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நாற்காலிய யாருக்காவது சும்மா குடுத்துடட்டுமா?"

பிரிவு அலுவலர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இப்போ நீங்க சொன்னத நான் கேக்கல. சாட்சியத்த அழிக்கிறதுக்கு வேற பிரிவு, வேற மாடி."

முடிவில் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். நாற்காலியில் உண்மையில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கப் பதினான்கு நாள்கள் ஒரு கவனிப்பாளரை அனுப்புவார்கள். யாரும் உட்காரவில்லை என்று தெரிந்தால் நாற்காலி தள்ளுபடி. வீடு மறுபடியும் ஒன்று.

கவனிப்பாளர் மறுநாள் காலை பத்து மணிக்குக் குடையோடும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடும் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். காலை பத்திலிருந்து மாலை நாலுவரை அவர் பணி. வீட்டாரோடு பேசக் கூடாது, வீட்டுச் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்று விதி. முதல் நாள் சுவரோரமாக நின்று நாற்காலியைக் கவனித்தார். இரண்டாம் நாள் சுவரில் சாய்ந்து கவனித்தார். மூன்றாம் நாள் நண்பகலில் நாற்காலியிடம் போனார், சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"நான் உக்காரல" என்றார் உடனே. "உள்ளேருந்து கவனிக்கிறேன்."

மதகுக்காரர் வாயைத் திறந்தார். அது அவளுக்கு வாங்கியது என்று சொல்ல நினைத்தார். ஆனால் கம்பி சுற்றிய பழைய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் முட்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த அறையில் அவருக்கு எதிரே ஒரு முகம் இருந்து இரண்டு வருடமாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நாலாம் நாளிலிருந்து பேசினார்கள். பேசக் கூடாது என்ற விதியைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள்.

"இதுக்கு முன்னாடி எங்க கவனிச்சீங்க, தம்பி?"

"போன வருஷம் ஒரு தொட்டில். பதினாலு நாள் கவனிச்சேன். யாரும் வந்து படுக்கல."

"அப்புறம்?"

"பதினஞ்சாம் நாள் குழந்தை பொறந்துச்சு. அதுக்குள்ள என் அறிக்கை போயிடுச்சு. தொட்டில் காலின்னு."

"அய்யோ. அந்தக் குழந்தை?"

"இன்னும் இல்லாமத்தான் இருக்கு. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நடக்க ஆரம்பிச்சிடுச்சு."

மதகுக்காரர் அவருக்கு மதகுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். எந்தப் பல்லில் எண்ணெய் வைத்தால் சத்தம் வராது, எந்தப் பலகை மழைக்கு உப்பும் என்று விளக்கினார். மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் பலகையைத் தூக்கச் சக்கரத்தின் மறுபக்கம் கை கொடுப்பாள், இப்போது ஒற்றை ஆளாகச் சுற்றினால் கால்வாசியில் நின்றுவிடுகிறது என்றார். கவனிப்பாளர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். ஒன்றையும் எழுதவில்லை; நாற்காலியைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும்.

"உங்க வீட்டுல யாரெல்லாம், தம்பி?"

"சம்சாரம், ரெண்டு பொண்ணு. நான் வருஷத்துல முந்நூறு நாள் அடுத்தவங்க வீட்டைக் கவனிக்கிறேன்." அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுலயும் எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு, ஐயா. யாரு உக்கார்றாங்கன்னு தெரியல."

பதினான்காம் நாள் மாலை நாலு மணிக்கு அவர் எழுந்தார். குடையை எடுத்தார். போய்வருகிறேன் என்று சொல்வதற்கும் விதியில் இடமில்லையோ என்னவோ, வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு மதகுக்காரர் தன்னையறியாமல் வாசலை எட்டிப் பார்த்தார். பத்தரைக்கும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியை ஈரத்துணியால் துடைத்து, காலில் அவிழ்ந்திருந்த காகிதத்தை மறுபடி சுற்றிவைத்தார்.

விசாரணை மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் வந்தது. நாற்காலியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் அவருக்கு இடம் இல்லை. பின்னாலேயே நடந்து போனார்.

கூடத்தில் ஆறு பேருக்கு ஆறு நாற்காலி போட்டிருந்தது. இயக்குநர் ஏழாவதாக, தாமதமாக வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, முதுகில் 'சாட்சியம்' என்று அட்டை தொங்கிய மதகுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்ல நாற்காலி" என்றார். அலுவலகம் அரை ஆள் கூடிப்போனதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கவனிப்பாளர் எழுந்து அறிக்கையை வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "முதல் இரண்டு நாள்கள் நாற்காலியில் எவரும் அமரவில்லை. மூன்றாம் நாள் நண்பகல் முதல் பதினான்காம் நாள் மாலை வரை ஒரு நபர் தினமும் தவறாமல் அமர்ந்திருந்தார். ஆண். வயது சுமார் நாற்பது. குடும்பத் தலைவருடன் நெருக்கமாகப் பழகினார். உணவு சொந்தமாகக் கொண்டுவந்தார்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"தம்பி, அது நீங்கதானே?" என்றார் மதகுக்காரர்.

கவனிப்பாளர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கவனிப்பாளர் தன்னைத் தானே கவனிக்க விதி இடம் கொடுக்கல" என்றார் இயக்குநர் மென்மையாக. "அப்படிக் கொடுத்தா அவரைக் கவனிக்க இன்னொருத்தர் வேணும். அவருக்கு எங்க நாற்காலி போடுறது?"

பிறகு அவர் பேசினார். பேசுவதில் அவருக்கு விருப்பம் அதிகம் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஏழைக்கு என்ன தேவைங்கறது ஏழைக்குத்தான் தெரியும். அதனாலதான் நாம அரிசியாக் குடுக்கல, துணியாக் குடுக்கல, பணமாக் குடுக்கிறோம். எதை வேணும்னாலும் வாங்கலாம். முழுச் சுதந்திரம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி, இது எத்தனை ஆளுன்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? அடுத்தது, ஒழுங்கு. நம்ம திட்டத்தோட உயிரே ஒழுங்குதான். பெரியவரே, பணம் வந்த மாசமெல்லாம் எத்தனை மணிக்குச் செய்தி வந்துச்சு?"

"ஒன்பது மணிக்குங்க."

"பணம் வராத மாசம்?"

"அதுவும் ஒன்பது மணிக்குத்தாங்க."

"ஒரு நிமிஷம் தவறினோமா?"

"தவறலைங்க."

கை தட்டினார்கள். இயக்குநர் கையுயர்த்தி அமர்த்தினார். "இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பெரியவர் வீடு அஞ்சே மாசத்துல ஒண்ணுலேருந்து ஒன்றரையா வளர்ந்திருக்கு. ஐம்பது சதவீதம்! எங்கேயாவது ஒரு திட்டம் இப்படி ஒரு வளர்ச்சியக் காட்டியிருக்கா? இந்த நாற்காலியோட படம் நம்ம ஆண்டறிக்கையின் அட்டையில வரணும். பணம் வாழ்க்கைய மாத்துது. அதுக்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். இவருக்குப் பணத்த நிறுத்துறோம்ங்கறது வேற விஷயம்."

முடிவை எழுத்தர் வாசித்தார். மீதி அரை ஆள் யாராயினும் நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில் மேற்படி நாற்காலியில் அமர்ந்து காட்ட வேண்டும். காட்டினால் குடும்பம் இரண்டு என்று பதிவாகிப் பணம் தொடரும். காட்டாவிட்டால் கோப்பு மூடப்படும்.

"சார்" என்றார் மதகுக்காரர். "அவ வர்றதுக்குத்தான் சார் பணமே வேணும். பணம் நின்னுபோனா அங்க வேலைய விட்டுட்டு எப்படி வருவா?"

"அவங்க வந்தா பணம் வரும்னு இப்பத்தானே முடிவு பண்ணினோம்?"

"பணம் வந்தாத்தான் அவ வருவா, சார்."

"ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தத்தான் விரும்புறோம்" என்றார் இயக்குநர் மகிழ்ச்சியோடு. "அப்புறம் எதுக்குச் சஞ்சலப்படுறீங்க?" எழுந்தார். எழுவதற்குக் கையை ஊன்றிக்கொள்ள அந்த நாற்காலி மிகவும் வாகாக இருந்தது.

சாட்சியத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தது. வெளியே வந்து நாற்காலியைத் தலையில் ஏற்றக் குனிந்தபோது மறுபக்கம் இரண்டு கைகள் வந்து தூக்கிவிட்டன. கவனிப்பாளர்.

"நாளையிலேருந்து எங்க, தம்பி?"

"ஒரு ஊஞ்சல்" என்றார் அவர். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். முக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

வாய்க்கால் கரையில் பாதி தூரத்தில் மதகுக்காரருக்குக் கழுத்து வலித்தது. நாற்காலியை இறக்கிக் கரைமேல் வைத்தார், நாலு காலும் சமமாக நிற்கும்படி இடம் பார்த்து. அதன் முதுகில் கட்டியிருந்த சாட்சிய அட்டையை அவிழ்த்தார். பிறகு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வறண்ட வாய்க்காலின் நடுவே வெடிப்புகள் ஓடின. மதகு தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. ஐந்து மாதமாக அவரிடம் இருந்த அடுத்த மாதம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? காத்து இரையுதே."

"வாய்க்கா கரையில."

"இந்த வெயில்ல என்ன பண்றீங்க?" பதிலுக்குக் காத்திராமல் கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

அவர் சொன்னார். யந்திரங்கள் இரைந்தன.

"நாளைக்குக் கடைசி நாள்ங்க" என்றாள். "மேற்பார்வை பாக்குறவ காலைலேருந்து ரெண்டு தடவை கையெழுத்துத் தாளை நீட்டிட்டா."

"தெரியும்."

"ஏதோ நாற்காலின்னீங்களே. என்ன நாற்காலி?"

"உனக்கு வாங்கினது."

வேறு குரலில் கேட்டாள்: "கை வச்சதா?"

"கை வச்சது. ஊன்றி எழுந்திரிக்கலாம். ஒன்பது நாற்காலியில உக்காந்து பாத்துத்தான் வாங்கினேன்."

"கடைக்காரன் ஏதாவது நினைச்சிருப்பான்."

"நினைச்சான்."

"யாராவது உக்காந்துட்டாங்களா அதுல?"

"ஆபீஸ் பூரா உக்காந்துடுச்சு. நான் மட்டும்தான் உக்காரல."

அவள் சிரித்தது போலிருந்தது. இல்லை, மூக்கை உறிஞ்சினாள். இடைவேளை முடியும் முன் அடிக்கும் முதல் மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் இருக்கும். மதகுக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் அது சுட்டது.

"இந்தா, கேளு. அந்தத் தாளுல நீ போட்டாலும் சரி, போடலேன்னாலும் சரி. அவங்களுக்குக் காட்டுறதுக்கும் இல்ல. சும்மா, நான் எதிர்ல உக்காந்து பாக்குறதுக்கு. ஒரே ஒரு தடவை வந்து, ஒரு அரை மணி நேரம் இதுல உக்காந்துட்டுப் போறியா?"